ஊரைக் கேட்டு உலை மூட்டுவோம்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல் மாணவர் ஒருவர்

கார்த்திகைத் திங்களில் அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றப்படுவதை அறியாதார் இல்லை. 2,668 அடி உயரத்தில் அந்தச் சுடர் எழுவதற்கு முன்னால் கீழே எத்தனை காரியங்கள் நடக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நெய் மக்களிடமிருந்து வருகிறது. கொப்பரையை இன்னார் சுமந்து செல்ல வேண்டும் என்ற மரபு இருக்கிறது. கோயிலில் அர்த்தநாரீசுவரர் காட்சி தந்த பிறகே மலைமேல் சுடர் தோன்றும். யாரோ ஒருவர் தம் விருப்பப்படி ஏறிச் சென்று தீக்குச்சியைக் கிழித்துவிட முடியாது. நெருப்பு பெரிதானால் முறையும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இப்போது நாடெங்கும் வேறொரு நெருப்பைப் பற்றிய பேச்சு எழுந்துள்ளது. எத்தனால் என்னும் எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலந்து வண்டி ஓட்டுவதே அது. 2003-ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் 5 விழுக்காட்டுக் கலப்பாகத் தொடங்கிய திட்டம், 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையால் வேகம் பெற்று, 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. தமிழக அரசும் 2023-இல் எத்தனால் கலப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டங்களை ஆலை அதிபர்கள் நோட்டமிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் கரும்பு உண்டு. ஆரணி அரிசிக்கோ விளம்பரமே தேவையில்லை. ஆகவே இந்தக் கேள்வி ஒரு நாள் நம் வாசலிலும் வந்து நிற்கும். அப்போது "அனுமதி" என்ற ஒரு சொல்லின் பொருள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் தந்தையார் கரும்பு பயிரிடுபவர். ஆலைக்கு வெட்டி அனுப்பிய கரும்புக்கு உரிய பணம் ஒருமுறை ஈராண்டு கழித்தே வந்தது. அந்த ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. எரிசாராய ஆலை வந்தால் கரும்புக்கு இன்னொரு வாங்குபவர் கிடைப்பார், போட்டி இருந்தால் பாக்கி இருக்காது என்பது அப்பாவின் கணக்கு. அது தவறான கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பக்கத்து ஊரில் நான்கு கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் என் அத்தை கேட்பது வேறு கேள்வி: "எல்லாம் சரிடா, ஆலை வந்த பின்னாடி நம்ம கெணத்துத் தண்ணிய மாடு குடிக்குமா?" இதையும் தவறான கேள்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் கணக்கையும் அத்தையின் கேள்வியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் இடம் எது? அந்த இடத்துக்குத்தான் சட்டம் "அனுமதி" என்று பெயர் வைத்திருக்கிறது.

முதலில் ஆலையின் உருவத்தைத் தெரிந்துகொள்வோம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வடிக்கும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். அப்படியானால் நாள்தோறும் 220 டன்னுக்கு மேல் அரிசி வேண்டும். 15 டன் ஏற்றும் லாரியில் வந்தால் நாளுக்கு 15 லாரிகள். விறகோ நிலக்கரியோ உமியோ கொண்டுவரும் லாரிகள் தனி. எத்தனாலை ஏற்றிச் செல்லும் டாங்கர்கள் தனி. இந்த வண்டிகள் எல்லாம் போகும் சாலை, பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம் போட்ட ஒற்றைத் தார்ச்சாலையாகவே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 4 லிட்டர் புதுநீரே போதும் என்று சிக்கனமாகக் கொண்டாலும் நாளுக்கு 4 லட்சம் லிட்டர் வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. அந்த அளவில் பார்த்தால் ஏழாயிரம் பேருக்கு மேல் குடிக்கவும் புழங்கவும் ஆகும் தண்ணீர் இது. கரும்பு விளையத் தேவைப்படும் நீரையும் சேர்த்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் ஆகிறது என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட வரைவே கூறுகிறது. ஏரிப் பாசனத்தையும் கிணற்றையும் நம்பி வாழும் மாவட்டத்துக்கு இது சிறிய எண் அன்று.

மூன்றாவது கழிவு. கழிவுப்பாகிலிருந்து, அதாவது மொலாசஸிலிருந்து வடிக்கும் ஆலையில், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கறுத்த கழிவுநீர் மிஞ்சும். ஊர்ச் சாக்கடை நீரைவிட நூறு மடங்குக்கும் மேல் கடுமையானது அது. அதைச் சுண்டக் காய்ச்சி எரித்துவிடவோ உரமாக்கிவிடவோ தொழில்நுட்பம் உண்டு. ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதியும் உண்டு. தானிய ஆலையில் மிஞ்சும் சக்கையோ நல்ல மாட்டுத் தீவனம். ஆகவே ஒழுங்காக நடக்கும் ஆலை அத்தையின் மாட்டுக்குத் தீனியும் தரலாம். ஒழுங்கில்லாத ஆலை அதே மாட்டின் தண்ணீரைக் கெடுக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பவை விதிகளும், விதிகளைக் காக்கும் மனிதர்களுமே.

அந்த விதிகள் யாவை? அஞ்சற்க, வரிசையாகச் சொன்னால் எளிதில் விளங்கும். நிலத்தை விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்படியும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின்படியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு முறை இசைவாணை பெற வேண்டும். கட்டுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று. தீயணைப்புத் துறையின் சான்று, தொழிற்சாலை வரைபடத்துக்குத் தொழிலகப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல், எரிபொருள் கிடங்குக்கு வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் உரிமம் ஆகியவையும் வேண்டும். சாராயம் என்பதால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கண்ணும் உண்டு. தொழிற்சாலைச் சாராயத்தின் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் நடுவில் நாம் மறந்துவிடும் ஓர் அனுமதி இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், நீராவியாலோ மின்விசையாலோ இயங்கும் தொழிற்சாலையை எழுப்பவும் இயந்திரம் நிறுவவும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும் என்கிறது. டெல்லியும் சென்னையும் தரும் தாள்களோடு, ஊராட்சி அலுவலகத்தின் முத்திரையும் சேர்ந்தால்தான் கட்டு முழுமை பெறும். மற்ற அலுவலகங்கள் எல்லாம் ஆலையைக் காகிதத்தில் பார்க்கின்றன. ஊராட்சி ஒன்றுதான் அதை வீட்டு வாசலிலிருந்து பார்க்கிறது. அந்த அனுமதியைச் சடங்காக எண்ணுவது பெரும் பிழை என்பதே என் கருத்து.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "பத்து அலுவலகப் படியேறிக் களைத்தவரைப் பதினோராவது படியிலும் நிற்க வைத்தால் தொழில் எப்படி வளரும்? கல்லூரி முடித்த பிள்ளைகள் வேலைக்காகச் சென்னைக்கும் ஓசூருக்கும் பேருந்து ஏறுவது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியும், அப்பேருந்தில் ஏறப்போகிறவர்களில் நானும் ஒருவன். காரணமே சொல்லாமல் ஒரு கோப்பை மாதக்கணக்கில் மேசையில் கிடத்துவதும், கைநீட்டியவனுக்கு மட்டும் முத்திரை குத்துவதும் நம் நாட்டில் நடக்காதவை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அதனால்தான் 2018-இல் தமிழக அரசு தொழில் எளிமையாக்கல் சட்டம் இயற்றி, ஒற்றைச் சாளரத்தையும் காலக்கெடுவையும் கொண்டுவந்தது. அதை நான் குறைகூறவில்லை. காலக்கெடு வேண்டியதே. ஆனால் விரைவாகக் கேட்பது வேறு, கேட்காமலே இருப்பது வேறு.

கேட்காமல் இருந்தால் என்ன நேரும் என்பதை அண்மைக் கால நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. பஞ்சாபில் சீரா அருகே மன்சூர்வால் என்னும் ஊரில் எத்தனால் ஆலை ஒன்று இயங்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று 2022 சூலையில் மக்கள் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். கோடை போய்க் குளிர் வந்தும் அவர்கள் எழவில்லை. 2023 சனவரியில் அம்மாநில முதலமைச்சர் ஆலையை மூட ஆணையிட்டார். தெலங்கானாவில் திலாவர்பூர் மக்கள் 2024 நவம்பரில் எத்தனால் ஆலைக்கு எதிராக நெடுஞ்சாலையில் அமர்ந்தபோது, கட்டுமானம் நிறுத்தப்பட்டது. இவ்விரண்டு இடங்களிலும் முதலீடு போட்டவருக்கு என்ன லாபம்? ஊராருக்கு என்ன லாபம்? முன்னால் மூன்று மாதம் பேசியிருந்தால், பின்னால் ஆறு மாதம் சாலையில் உட்கார வேண்டியிருக்காதே!

நமக்கு அண்டையில் பாலக்காடு மாவட்டம் இருக்கிறது. அங்கு எலப்புள்ளி ஊராட்சியில் எத்தனால் ஆலையும் மதுபான ஆலையும் அமைக்க 2025 சனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட இசைவு தந்தது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் எங்களைக் கேட்காமல் எப்படி என்று ஊராட்சி எதிர்த்தது. வழக்கும் நீதிமன்றம் ஏறியது. இதே மாவட்டத்தின் பெருமாட்டி ஊராட்சிதான் 2003-இல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு இறுதியில் உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் பொதுவான சொத்து என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2004-இல் நின்ற ஆலை பிறகு ஓடவேயில்லை. ஒரு சிற்றூராட்சியின் மறுப்புக்கு இத்தனை வலிமை உண்டா என்று வியக்கலாம். அவ்வலிமை ஊராட்சியின் தாளிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. குடத்தோடு தெருவில் நின்ற பெண்கள் அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தார்கள்.

நம் மாவட்டத்துக்கும் பாடம் உண்டு. செய்யாறு அருகே மேல்மா முதலிய ஊர்களில் சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,174 ஏக்கர் நிலம் எடுக்க முற்பட்டபோது உழவர்கள் எதிர்த்தார்கள். 2023 நவம்பரில் அவர்களுள் சிலர்மீது குண்டர் சட்டமே பாய்ந்தது. பின்பு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அது எரிபொருள் ஆலை அன்று; தொழிற்பேட்டை. ஆனால் கேள்வி அதேதான்: ஊராரின் வாய்ச்சொல்லை எப்போது கேட்பது, முதலிலா, முடிவிலா?

இவ்விடத்தில் இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். முதற்குறை: 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, பெரிய ஆலைகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கட்டாயம் ஆக்கியது. முப்பது நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழி நாளேட்டில் விளம்பரம், மாவட்ட ஆட்சியர் தலைமை, கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு என்று நல்ல ஏற்பாடு. ஆனால் 2021-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், பெட்ரோலில் கலப்பதற்கென்றே எத்தனால் வடிக்கும் ஆலைகள் பலவற்றைச் சில நிபந்தனைகளோடு அக்கூட்டம் தேவைப்படாத பிரிவில் சேர்த்தது. "பசுமை எரிபொருள்" என்பதே சலுகைக்குக் காரணம். புகை குறைகிறது, அந்நியச் செலாவணி மிச்சமாகிறது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் வண்டியின் புகைக்குழாயில் கிடைக்கும் நன்மை, ஆலையின் பின்வாசலில் இருக்கும் கிணற்றைக் காப்பாற்றிவிடாது. பசுமை என்ற பெயர்ப்பலகை ஒரு தொழிலுக்குப் பொறுப்பைக் கூட்ட வேண்டுமே தவிரக் குறைக்கக்கூடாது.

இரண்டாங்குறை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து அமைந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது. நம் மாவட்டமும் அதில் அடக்கம். தேர்தல் நடத்தப்படாமல், நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. இதற்கு முன்பும் 2016 இறுதி முதல் மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. அலுவலர்கள் திறமையானவர்களாக இருக்கலாம், நேர்மையானவர்களாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றலாகிப் போகிறவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போவதில்லை. தலைமுறைக்கும் நிற்கப்போகும் ஆலைக்குத் தற்காலிகமானவர் கையெழுத்திடுவது பொருந்துமா?

கையெழுத்து என்பது எவ்வளவு கனமானது என்பதை இந்நகர மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீட்டின்மேல் விழுந்தது. குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் மடிந்தனர். பெய்த மழை பேய்மழைதான். மழையை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மலைச்சரிவில் வீடுகள் எழும்போது "இங்கே கட்டலாமா?" என்று கேட்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி அன்று என் மனத்தில் எழுந்தது, இன்றும் அடங்கவில்லை. அனுமதி என்ற சொல் காகிதத்தில் இருக்கும்போது அலுப்பாகத் தோன்றுகிறது. அது இல்லாமற்போன இடத்தில்தான் அதன் அருமை தெரிகிறது.

சரி, குறை சொன்னால் போதுமா? வழி சொல்ல வேண்டாமா? என் சிற்றறிவுக்கு எட்டியவை சில.

ஒன்று: எந்த எரிபொருள் ஆலைக்கு விண்ணப்பம் வந்தாலும், நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர், அது எங்கிருந்து, எவ்வளவு கழிவு, அது எங்கே, எத்தனை லாரி, உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை நிரந்தர வேலை என்ற விவரங்களை எளிய தமிழில் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் வைத்துவிட்டு "வந்து படித்துக்கொள்ளுங்கள்" என்பது அறிவிப்பு ஆகாது.

இரண்டு: மத்திய விதி விலக்கு அளித்திருந்தாலும், சிறப்புக் கிராம சபை ஒன்றைக் கூட்டிக் கேட்டபிறகே ஊராட்சியின் அனுமதி தரப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் இது இரட்டிப்புக் கட்டாயம். மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள்.

மூன்று: ஊராட்சி மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், குறித்த நாளுக்குள் சொல்ல வேண்டும். "எங்களுக்கு வேண்டாம்" என்பது மட்டும் காரணம் ஆகாது. உரிமை கேட்கும் நாம் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஆதாரமில்லாத வதந்தியால் ஓர் ஆலை நின்றுபோனால், என் அப்பாவைப் போன்ற கரும்புக்காரருக்கு நட்ட ஈடு தருபவர் எவரும் இல்லை.

நான்கு: ஆலை எழும் முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். பின்னால் "தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது" என்று எவரும் சொல்ல முடியாதபடி அது சாட்சியாக நிற்கும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. வேதியியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் உப்புகளை அடையாளம் காணப் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் வழிகாட்டினால், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு புட்டித் தண்ணீர் எடுத்துவரத் தயங்குவார்களா?

இவ்விதிகள் எனக்குப் பிடித்த ஆலைக்கும் பொருந்த வேண்டும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் இது. அன்னதான இலைகளும் மிஞ்சிய சோறும் மலைபோல் குவிகின்றன. அவற்றிலிருந்து எரிவாயு எடுக்க, 2018-இல் தொடங்கிய மத்திய அரசின் சதத் திட்டம் வழி செய்கிறது. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலைக்கு அத்தகைய ஆலை மிகவும் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் குப்பை நகரத்தினுடையது, நாற்றம் மட்டும் பக்கத்துக் கிராமத்தினுடையது என்றால் அது நீதியாகாது. அங்கும் அந்த ஊரைக் கேட்டபிறகே அடிக்கல் நாட்ட வேண்டும்.

மாணவ நண்பர்களே! தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22, மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் ஆகியவை அவை. இவற்றுள் பல நமக்கு விடுமுறை நாள்கள். நம்மில் எத்தனை பேர் ஒரு முறையேனும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறோம்? நானும் சென்ற ஆண்டுவரை போனதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துக் கலைந்துவிடும் கூட்டமாக அது சில ஊர்களில் ஆகிவிட்டது என்றால், அந்தக் குற்றத்தில் படித்த நமக்கும் பங்கு உண்டு.

அடுத்த கிராம சபைக்கு அப்பாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். எங்கள் ஊருக்கு இன்னும் எந்த ஆலையும் வரவில்லை. ஆயினும் எங்கள் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கிணறுகள் எத்தனை அடியில் இருக்கின்றன, எங்கள் சாலை எத்தனை டன் தாங்கும் என்பதை எழுதிவைக்கத் தீர்மானம் கேட்கப் போகிறேன். கேட்க வருபவர் வரும் நாளில் பதில் சொல்ல ஊர் ஆயத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?